பழைய ஜெர்மன் சீருடைச் சின்னங்கள்: மூன்று சோதனைகளும் கேட்கப்படாத ஒரு கேள்வியும்

இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் சீருடைகளைச் சேகரிப்பவர்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்தால், ஒரே அறிவுரை திரும்பத் திரும்ப வரும். புற ஊதா விளக்கைக் காட்டு, சின்னம் ஒளிர்ந்தால் போலி. நூலைக் கொளுத்திப் பார், உருகினால் போலி. பின்பக்கச் சீட்டைப் பார், முத்திரை இருந்தால் அசல். கேட்க ரொம்பச் சுலபமாக இருக்கிறது. ஆனால் மூன்றுமே பாதி உண்மைகள்தான் என்பது என் கருத்து. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் விளக்கு. துணியைப் பளிச்சென்று காட்டுவதற்காகச் சேர்க்கப்படும் வெண்மையூட்டி ரசாயனங்கள் புற ஊதா ஒளியில் நீலவெள்ளையாக மின்னும். அவை பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது போருக்குப் பிறகு. அதனால் மின்னும் நூலைச் சந்தேகிப்பது நியாயம்தான். ஆனால் அதே ரசாயனம் சலவைத்தூளிலும் இருக்கே! 1960களில் யாரோ வீட்டில் ஒருமுறை துவைத்திருந்தால் போதும், அசல் சின்னமும் மின்னும். மறுபக்கம், போலி செய்கிறவருக்கும் இந்தச் சோதனை தெரியும். வெண்மையூட்டி கலக்காத பருத்தி நூலைத் தேடிப்பிடிப்பது அவருக்குப் பெரிய கஷ்டமில்லை. ஆகவே மின்னவில்லை என்பது எதையும் நிரூபிப்பதில்லை.

அடுத்தது நெருப்பு. பருத்தியும் ரேயானும் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். கம்பளி, முடி கருகும் நாற்றம் தரும். பாலியஸ்டர் உருகி மணியாகச் சுருளும். பாலியஸ்டர் இழை 1941இல்தான் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. சந்தைக்கு வந்தது போருக்குப் பின். எனவே போர்க்காலச் சின்னம் என்று விற்கப்படும் ஒன்றில் பாலியஸ்டர் நூல் இருந்தால் கதை முடிந்தது. ஆனால் 'உருகும் இழை எல்லாமே 1945க்குப் பிந்தியது' என்று எழுதுகிறார்களே, அது தவறு. பால் ஷ்லாக் என்ற வேதியியலாளர் பெர்லான் இழையை ஜெர்மனியிலேயே 1938இல் உருவாக்கிவிட்டார். சின்னங்களில் அதை நாம் எதிர்பார்ப்பதில்லை, சரி. ஆனாலும் உருகியது எது என்று தெரியாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதோடு, சோதனைக்காக எரித்த நூல் திரும்ப வராது.

மூன்றாவது சீட்டு. ஆர்இசட்எம் என்பது நாஜிக் கட்சி அமைப்புகளின் சீருடை, சின்னங்களின் உற்பத்தியைக் கட்டுப்படுத்திய கட்சி அலுவலகத்தின் சுருக்கப்பெயர். தரைப்படை அதன் கட்டுப்பாட்டில் இல்லை. ஆகவே தரைப்படைக் கழுகுச் சின்னத்தின் பின்னால் அந்தச் சீட்டு ஒட்டியிருந்தால், அது நம்பிக்கையை அல்ல, சந்தேகத்தைத்தான் கூட்ட வேண்டும். எல்லாவற்றையும் விட, போலி செய்ய மிகவும் மலிவானது சீட்டுதான்.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? பொருளுக்குள் இருக்கும் ஒத்திசைவை. 1934 முதல் தரைப்படைச் சீருடையில் கழுகு வலது மார்பில் இருந்தது. வாஃபன் எஸ்எஸ் அதை இடது மேற்கையில் அணிந்தது. தொடக்கத்தில் கழுகின் பின்துணி கரும்பச்சை, நெசவு வெள்ளிநிறம். போர் நடக்க நடக்கப் பின்துணி சீருடையின் சாம்பல்பச்சைக்கும், நெசவு மங்கிய சாம்பலுக்கும் மாறியது. பழைய கையிருப்பையும் பயன்படுத்தினார்கள் என்பதால் நிறக் கலப்பு மட்டுமே குற்றமாகாது. ஆனால் சின்னத்தின் ஓரத்தை மெல்லத் தூக்கினால், வெயில் படாத துணி அதே வடிவத்தில் தெரிய வேண்டும். ஊசித்துளைகள் இன்றைய தையலோடு பொருந்த வேண்டும். அழுக்கு, நூலின் மேலும் துணியின் மேலும் ஒரே சீராகப் படிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் கேட்கப்படாத கேள்வி வருகிறது. தோல்விக்குப் பின் ராணுவச் சின்னங்கள் அணிவது தடைசெய்யப்பட்டது. உடைக்குப் பஞ்சமான காலம் அது. சின்னத்தைப் பிய்த்துவிட்டு, சட்டையைச் சாயம் போட்டு அன்றாட உடையாக்கிக்கொண்டார்கள். பின்னாளில் வியாபாரி ஒருவர் அசல் சட்டையில் வேறெங்கோ கிடைத்த அசல் சின்னத்தைத் தைக்கிறார். துணி அசல், சின்னம் அசல், சேர்க்கை பொய். விளக்கும் நெருப்பும் சீட்டும் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. 'இது அசலா?' என்ற ஒற்றைக் கேள்வியே தப்பு என்று நான் சொல்வது இதனால்தான். சட்டை அசலா, சின்னம் அசலா, இரண்டும் அன்றே சேர்ந்தவையா என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும்.

'நான் பார்த்த அசலோடு பொருந்துகிறது' என்பவர்களுக்கு 1983 ஒரு பாடம். ஸ்டெர்ன் பத்திரிகை ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று வெளியிட்டவற்றைக் கோன்ராட் குயாவ் எழுதியிருந்தார். நாஜிக்காலப் பொருட்களைப் போலியாகச் செய்து விற்றவரும் அவரே. கையெழுத்து நிபுணர்கள் பொருந்துகிறது என்றார்கள். ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளிலேயே அவர் எழுதியவை கலந்திருந்தால் பொருந்தாமல் என்ன செய்யும்? கடைசியில் காட்டிக்கொடுத்தது காகிதத்திலிருந்த வெண்மையூட்டியும் கட்டுநூலிலிருந்த செயற்கை இழையும். ஆக, ஆய்வுக்கூடச் சோதனை வீண் என்று நான் சொல்லவில்லை. அது 'போலி' என்று அடித்துச் சொல்லும்; 'அசல்' என்று ஒருபோதும் சொல்லாது.

இதெல்லாம் பணக்காரப் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால் போலி எந்தத் திசையில் போகிறது என்று கவனியுங்கள். சாதாரணக் காலாட்படைச் சட்டையை விட எஸ்எஸ் காலர்பட்டை வைத்த சட்டைக்கு விலை பல மடங்கு. அதனால் ஒரு சாதாரணச் சிப்பாயின் சட்டை எஸ்எஸ் சட்டையாக மாற்றப்படும். தலைகீழாக யாரும் செய்யமாட்டார்கள். விளைவு, அணிந்தவன் யார், எங்கே இருந்தான், என்ன செய்த படையைச் சேர்ந்தவன் என்ற சாட்சியம் அழிகிறது. கொலைகளுக்குப் பொறுப்பான ஓர் அமைப்பின் தடயங்களுக்கு நடுவே, விலைக்காகத் தைத்த தடயங்கள் நுழைகின்றன. உண்மையான சாட்சியத்தையும் 'எல்லாம் போலிதான்' என்று தள்ளிவிட இது ஒரு சாக்கு.

அதனால் அருங்காட்சியகமோ தனியாரோ, 'அசல்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. யாரிடமிருந்து, எப்போது வந்தது, சின்னம் எப்போது தைக்கப்பட்டது என்று தெரிந்தவரை எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். பொருளின் விலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.