கும்மட்டமா மரபு?

இஸ்லாமிய அறிவியல், கட்டடக்கலை மரபுகளை எடுத்துரைக்க நூதனசாலை அமைப்போர் முதலில் நாடுவது கும்மட்டத்தையும் வளைவையுமே. 2008இல் திறக்கப்பட்ட தோஹா இஸ்லாமியக் கலை நூதனசாலையை வரைந்த ஐ. எம். பெய் அவ்வெளிய வழியிற் செல்லவில்லை. கெய்ரோவின் இப்னு தூலூன் பள்ளிவாசல் முற்றத்தில் ஒளுச் செய்வதற்கென எழுந்த மண்டபத்தை அவர் கண்டார். அங்கே சதுரம் எண்கோணமாகி, எண்கோணம் கும்மட்டத்தைத் தாங்குகிறது. அலங்காரத்தை விடுத்து, அக்கணிதத்தையே அவர் கட்டடமாக்கினார். இது போற்றத்தக்கது.

ஆயினும், வரைந்தவரை உலகறியும். கல் அடுக்கியவரை யார் அறிவார்? நம் நாட்டையே பார்ப்போம். 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலை இத்தாலியப் பாணியில் அமைந்தது. வரைந்தவர் ஸ்மிதர், கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் இலங்கை முஸ்லிம். பிறையோ கும்மட்டமோ இல்லாத அம்மாளிகையிலும் முஸ்லிம் ஒருவரின் கட்டடத் திறன் வாழ்கிறது. எனினும், அவருக்குக் கீழ்ச் சுண்ணாம்பு குழைத்தோரின் பெயர்கள் அவர் பெயரோடு நம்மை வந்தடையவில்லை.

11ஆம் நூற்றாண்டில் ஒளியை ஆராய்ந்த இப்னு அல்ஹைதம், கருத்தைச் சோதனையால் நிறுவ முயன்றவர். அவர் மரபைப் போற்றும் கூடத்தில், வஹகோட்டையிலிருந்து பஸ் ஏறிவரும் என் மாணவன் கண்ணாடிப் பேழைகளை வணங்கித் திரும்புவதா? இருட்டறைச் சுவரில், சிறு துளை வழியே வெளிமரம் தலைகீழாக விழுவதை அவனே செய்து பார்க்கட்டும்.

கும்மட்டத்தை அண்ணாந்து நோக்கச் செய்தால் மட்டும் போதாது. அதனை நிற்கச் செய்த கணக்கையும் கைகளையும் காட்டுவதே நூதனசாலையின் கடன்.