பதினெட்டாம் சங்கீதத்திற் கன்மலையும் விசாலமும்

விவிலியத்துச் சங்கீதங்களுள் மீட்பைப் பாடிப் புகழுவன பல. அவற்றுள் பதினெட்டாவது நெடியது. ஐம்பது வசனங்களை உடையது. சிற்சில வேறுபாடுகளுடன் இரண்டாம் சாமுவேல் நூலின் 22 ஆம் அதிகாரத்திலும் இது காணப்படுகின்றது. சவுலின் கையினின்றும் ஏனைப் பகைவர் கையினின்றும் தப்பிய காலத்துத் தாவீது பாடியதென்பது தலைப்புரை. ஜெர்மானிய அறிஞர் குங்கல் இதனை அரசப் பாடல்களுள் ஒன்றாக வகுத்தார். இப்பாடலுக்குப் பொருள் கூறுவோர் பெரும்பாலும் 'கன்மலை' என்னும் சொல்லையே அதன் உயிர்நிலையாகக் கொண்டு, மலைபோல் அசையாது நின்று காப்பவன் இறைவன் என்பதோடு அமைவர். அவ்வளவில் அமைதல் தகுமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

பாடலின் முகப்பிலே இறைவனுக்குரிய பெயர்கள் அடுக்கி வருகின்றன. எபிரேயத்தில் அவற்றுள் இரண்டு பாறையைக் குறிப்பன. 'சேலா' என்பது செங்குத்தான பாறை முகட்டினையும், 'சூர்' என்பது திரண்ட பெரும்பாறையினையும் சுட்டும். 1871 இல் வெளிவந்த, ஹென்றி பவர் முதலியோர் திருத்தியமைத்த மொழிபெயர்ப்பு முன்னதைக் 'கன்மலை' என்றும் பின்னதைத் 'துருகம்' என்றும் பெயர்த்தது. 1995 இல் வெளிவந்த திருவிவிலியமோ கற்பாறை, மலை என்னும் எளிய சொற்களை ஆள்கின்றது. மூலத்துக்கு அணிமையவாதலின் இவை குற்றமுடையன அல்ல. ஆயினும் கொங்கு நாட்டார்க்குத் துருகம் வெறுஞ்சொல் அன்று. சங்ககிரித் துருக்கத்தைக் கண்ணாற் கண்டவர் அவர். தீரன் சின்னமலை 1805 இல் தூக்கிலிடப்பட்ட இடம் அது. அடைக்கலமாகிய துருக்கமே கொலைக்களமும் ஆகக்கூடும் என்பதை அறிந்தவர்க்கு, அப்பெயரை இறைவனுக்கு இடுதல் தனியொரு சுவை பயக்கும். இவ்வாறே 'கொம்பு' என்னும் உருவகத்தை நீக்கி 'வல்லமை' என்று பொதுப்பட வைத்ததும் எமக்கு இழப்பாகவே தோன்றுகின்றது. காங்கேயம் காளையின் கொம்பை அறிந்த நிலத்தார்க்குக் கொம்பின் பொருளை விளக்கிக் காட்ட வேண்டுவதில்லை.

தாவீது உண்மையிலேயே பாறைகளிடை ஒளிந்து திரிந்தவன். என்கேதிப் பாலையில் அவன் கரந்திருந்த பாறைகள் காட்டாடுகளாற் பெயர் பெற்றவை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் அவ்விலங்கினை 'வரையாடு' என்றனர்; யாம் அறிந்தவரை இதனினும் நல்ல சொல் பிறிதில்லை. ஆனைமலையின் உயர்ந்த புல்வெளிகளில் இன்றும் மேய்வது அதன் இனத்துக்கு நெருங்கியது. சங்க நூல்கள் வருடை என்று கூறுவதும் இதனையே என்பர். பதினெட்டாம் சங்கீதத்தில் வருவது வரையாடு அன்று, மானே. எனினும் வழுக்கும் உயரத்திற் கால் தவறாது நிற்றல் என்னும் கருத்து இரண்டற்கும் ஒக்கும்.

இனி, மீட்பு நிகழும் முறையை நோக்குவோம். துன்பத்தைக் குறிக்க ஆறாம் வசனத்தில் வரும் 'சார்' என்னும் எபிரேயச் சொல்லுக்கு நெருக்கம், இடுக்கு என்பதே அடிப்பொருள். தமிழில் 'நெருக்கம்' என்னும் சொல்லும் இடமின்மையையும் துன்பத்தையும் ஒருங்கே உணர்த்துதல் காண்க. சாவின் கயிறுகள் சுற்றிக்கொள்கின்றன, வெள்ளம் வளைந்துகொள்கின்றது. நிலம் நடுங்க, இடி முழங்க இறைவன் இறங்கி வருகின்றான். வந்தவன் பாடுவோனை நீரினின்றும் 'இழுத்தெடுக்கின்றான்'. இவ்வினைச்சொல் எபிரேய விவிலியத்தில் இப்பாடலின் இரு வடிவங்களையன்றி, குழந்தை மோசே நீரினின்று எடுக்கப்பட்ட இடத்தில் மட்டுமே வருதலின், ஓர் இனத்தின் விடுதலை வரலாறு ஒருவனது விடுதலையுள் ஒலிக்கின்றது என்க. எடுத்தவன் அவனைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் யாது? கன்மலை அன்று, 'மெர்ஹாப்' எனப்படும் அகன்ற வெளி. பழைய மொழிபெயர்ப்பு இதனை 'விசாலம்' என்றது. முப்பத்தாறாம் வசனத்திலும் அதே வேர் மீண்டு வந்து, அடி பெயர்த்து வைத்தற்குரிய இடம் அகலமாக்கப்பட்டதைக் கூறும்.

மீட்டலைக் குறிக்கும் 'யாஷா' என்னும் சொல்லே அகலமாதல் என்னும் பொருளிற் பிறந்தது என முந்தைய சொல்லாய்வாளர் கூறினர். இக்காலத்தார் பலர் அதனை ஐயுறுவர். அவ்வையத்தால் எம் கருத்துக்கு ஊறில்லை; அகலம் பாடலுள்ளேயே வெளிப்படையாய் நிற்கின்றது. முப்பத்தோராம், நாற்பத்தாறாம் வசனங்களிற் பாறை மீண்டும் வருகின்றதே எனின், ஆங்கெல்லாம் அஃது இறைவனுக்குப் பெயராய் வருகின்றதன்றி, மீட்கப்பட்டோன் சேர்ந்த இடமாய் வரவில்லை என விடுக்க. ஒளிந்திருத்தற்குப் பாறை இடுக்கு உதவும். அதிலேயே இருந்துவிடுதல் விடுதலையாகாது.

இவ்வேறுபாடு மலையையே வாழ்விடமாகக் கொண்டோர் இப்பாடலைப் படிக்குங்கால் கூர்மை பெறுகின்றது. ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 3,500 அடி உயரத்திலுள்ள வால்பாறையை அடைவோர்க்கு அம்மலை அழகாகத் தோன்றும். அங்கே காடழித்துத் தோட்டம் அமைத்த தலைமுறையார்க்கு அது வேறாகத் தோன்றிற்று. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராய்ப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969 இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' என்னும் புதினம் இதற்குச் சான்று. இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். அதிற் கருப்பனும் வள்ளியும் வறண்ட சமவெளியினின்று கங்காணியின் முன்பணத்தை வாங்கி மலையேறுகின்றனர். முன்பணம் கடனாகிக் கட்டுகின்றது. குளிரும் அட்டையும் காய்ச்சலும் சூழ்கின்றன. சாவின் கயிறு என்னும் உருவகத்துக்கு அக்கடனினும் பொருத்தமான உரை வேண்டுவதில்லை. இத்தகையோரிடம் இறைவன் மலை போன்றவன் என்று மட்டும் கூறி நிறுத்தும் விளக்கவுரை, அவர்தம் சிறையையே புகலிடம் என்று புகல்வதாக முடியும். விசாலத்தை உயிர்நிலையாகக் கொண்டு படிப்பின் இவ்விடர் நேராது.

ஆயினும் இதனினும் பெரிய தடை ஒன்றுண்டு. முப்பத்தேழாம் வசனம் முதலாக வரும் பகுதி வென்ற மன்னனின் குரல், பகைவர் புழுதியாகின்றனர், அறியாத இனத்தார் பணிசெய்ய வருகின்றனர். பணிசெய்ய அழைத்துவரப்பட்டவன் இதனைத் தன் வாயாற் பாடுதல் எங்ஙனம்? அப்பகுதியை உருவகமாக்கிப் பகைவர் என்பது பாவங்களே என்று கடந்துபோவாரும் உளர். அவ்வுரை மூலத்தின் வன்மையை மழுப்புவது. யாம் அதனை உடன்படோம். போர்ப்பகுதி அரசனுடையதே, அஃது அவனிடமே இருக்க. ஆனால் அப்பகுதிக்கு முன்னரே, இருபத்தேழாம் வசனத்தில், ஒடுக்கப்பட்ட மக்களை மீட்டுச் செருக்குற்ற கண்களைத் தாழ்த்துவான் இறைவன் என்னும் கருத்து வைக்கப்பட்டுள்ளது. 'ஆனி' என்னும் எபிரேயச் சொல் எளியோரையும் ஒடுக்குண்டோரையும் குறிப்பது. அதுகாறும் 'நான்' என்றே பேசிவந்த பாடல் இங்கே ஒரு மக்கட் கூட்டத்தை நோக்கித் திரும்புகின்றது. அரசன் தான் பெற்ற மீட்புக்குக் காரணமாகும் நெறியை இங்கே கூறுகின்றான். அந்நெறியாலேயே அவனும் அளக்கப்படுவான். பின்வரும் வெற்றிப் பெருமிதத்தில் அவன் கண்ணும் செருக்குறின், இதே வசனம் அவன்மேற் பாயும். தோட்டத்து லயன் வீட்டில் இப்பாடலைப் படிப்பவர்க்கு முகப்பின் பெயரடுக்கினும் இவ்வசனமே வாயிலாகும் என்பது எம் துணிபு. ஆண்டிருந்து பின்னோக்கிப் படிப்பின், பத்தொன்பதாம் வசனத்து அகன்ற வெளி அவர்க்கும் உரியதாகின்றது.