குணமும் தோஷமும்

ஐபோன் கட்சி, ஆண்ட்ராய்டு கட்சி என்று பிரிந்து நின்று வாதாடுகிறவர்கள் எதிரியின் குறையைச் சொல்கிறார்களே ஒழிய, அந்தக் குறை எங்கே பிறந்தது என்று பார்ப்பதில்லை.

2007-ல் வந்த ஐபோன், வீட்டுக்காரர் தாமே கட்டி வாடகைக்கு விட்ட வீடு மாதிரி. கருவியும் ஆப்பிளுடையது, அதை இயக்கும் மென்பொருளும் அதனுடையதே. ஆகவே மராமத்து சுலபம். 2013-ல் வெளியான ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியிலும் பாதுகாப்புத் திருத்தம் வந்தது. ஆனால் வாடகை அதிகம்; ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். ஐரோப்பிய யூனியன் சட்டம் போட்ட பிறகே, 2024-ல், பிறருடைய செயலிக் கடைகளுக்கு அங்கே கதவு திறந்தது.

கூகிளோ 2008-ல் ஆண்ட்ராய்டு என்ற வரைபடத்தை எல்லாக் கொத்தனார்களுக்கும் கொடுத்துவிட்டது. ஐபோன் விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் கைப்பேசி கிடைப்பது அதனால்தான். அது சாமான்யமான சாதனை அல்ல. ஆனால் கொத்தனார் போன பிறகு கூரை ஒழுகினால்? 2023-ல் கூகிளும் 2024-ல் சாம்ஸங்கும் தங்கள் உயர்ந்த ரகங்களுக்கு ஏழு வருஷப் பராமரிப்பு தருவதாகச் சொல்லின. மலிவு ரகங்களுக்குப் பெரும்பாலும் அந்தப் பாக்கியம் இல்லை.

ஒவ்வொன்றின் குணமே அதன் தோஷமாகவும் இருக்கிறது. இன்று நம் சேமிப்பின் சாவியே கைப்பேசியில் இருக்கிறது. குறைந்த விலை கொடுத்தவர் வீட்டுப் பூட்டுத்தான் முதலில் துருப்பிடிக்கிறது. எது அழகு என்பதை விட்டு, எத்தனை வருஷம் பூட்டைப் பழுது பார்ப்பார்கள் என்று கடையில் கேட்பதே உருப்படியான விமரிசனம்.