தோற்ற கோஷ்டியின் கதை

விளையாட்டைப் பற்றிய புத்தகத்தில் கதை படிக்கிறவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். யார் ஜெயித்தார்கள், எத்தனை பாயிண்டு வித்தியாசத்தில் என்பதெல்லாம் மறுநாள் காலைப் பத்திரிகையோடு தீர்ந்துபோகிற சமாசாரம். அதைப் புத்தகமாகக் கட்டி வைத்து, பல வருஷங்கள் கழித்து எடுத்து வாசிக்க என்ன இருக்கப்போகிறது?

டேவிட் ஹால்பர்ஸ்டாம் எழுதி 1981-ல் வெளியான 'தி பிரேக்ஸ் ஆஃப் தி கேம்' என்ற அமெரிக்கப் புத்தகம் இந்தக் கேள்விக்கு ஒரு பதில். கூடைப்பந்தைத் தொழிலாக ஆடும் ஒரு கோஷ்டியை ஒரு ஸீஸன் முழுவதும் பின்தொடர்ந்து எழுதிய நூல் இது. ஹால்பர்ஸ்டாம் வெறும் விளையாட்டு நிருபர் அல்ல. வியட்நாமிலிருந்து 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகைக்கு அவர் அனுப்பிய செய்திகளுக்காக 1964-ல் புலிட்ஸர் பரிசு பெற்றவர். பெரிய படிப்புப் படித்த புத்திசாலிகளெல்லாம் சேர்ந்து ஒரு தேசத்தை யுத்தச் சேற்றில் இறக்கிவிட்ட கதையை 1972-ல் 'தி பெஸ்ட் அண்ட் தி பிரைட்டஸ்ட்' என்ற தடித்த புத்தகமாக எழுதியவர். அப்படிப்பட்டவர் பந்தாட்டக்காரர்களின் பின்னால் ஏன் போனார் என்று புத்தகத்தை எடுக்கும்போது தோன்றுகிறது. முடிக்கும்போது, அவர் தம் விஷயத்தை மாற்றிக்கொள்ளவே இல்லை என்று தெரிகிறது.

கோஷ்டியின் பெயர் போர்ட்லண்ட் டிரெயில் பிளேஸர்ஸ். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், ஆரிகன் மாகாணத்தில் இருக்கிறது போர்ட்லண்ட். என்.பி.ஏ. என்ற இந்தப் பந்தயத்தில் ஒவ்வொரு கோஷ்டியும் ஸீஸனில் 82 ஆட்டங்கள் ஆட வேண்டும். தேறியவர்கள் 'பிளே-ஆஃப்' என்ற அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். அங்கே ஒரு சுற்றில் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஹால்பர்ஸ்டாம் எடுத்துக்கொண்ட 1979-80 ஸீஸனில் போர்ட்லண்ட் கோஷ்டி 38 ஆட்டங்களில் ஜெயித்தது, 44-ல் தோற்றது. எப்படியோ தொற்றிக்கொண்டு பிளே-ஆஃபுக்குப் போயிற்று. முந்தைய வருஷத்துச் சாம்பியனான ஸியாட்டில் கோஷ்டியோடு மூன்று ஆட்டங்கள். ஒன்றில் ஜெயித்து, இரண்டில் தோற்றார்கள். கதைச் சுருக்கம் இவ்வளவுதான்.

இதே கோஷ்டிக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறொரு கதை இருந்தது. ஆரம்பித்து ஏழே வருஷமான கோஷ்டி, 1977-ல் சாம்பியன் ஆயிற்று. இறுதிச் சுற்றில் எதிராளி ஜூலியஸ் எர்விங் போன்ற பெரிய ஆட்டக்காரர்கள் நிறைந்த பிலடெல்பியா கோஷ்டி. முதல் இரண்டு ஆட்டங்களிலும் போர்ட்லண்ட் தோற்றது. பிறகு தொடர்ந்து நான்கில் ஜெயித்தது. ஜூன் 5-ந் தேதி நடந்த கடைசி ஆட்டத்தில் 109-க்கு 107. கடைசி வினாடிகளில் எதிராளி எறிந்த பந்து கூடைக்குள் விழவில்லை. நடு நாயகமாக ஆடிய பில் வால்டன் என்ற நெட்டை இளைஞர் அன்று 20 பாயிண்டுகள் எடுத்து, கூடையில் விழாமல் திரும்பிய பந்துகளில் 23-ஐப் பிடித்தார். தொடர்கதை எழுதுகிறவன் கேட்டு வாங்கினாலும் இப்படி ஒரு முடிவு கிடைக்காது.

ஹால்பர்ஸ்டாம் இந்தக் கதையை எழுதவில்லை. நம் வீடுகளில் ராமாயணம் வாசிக்கிறவர்கள் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திவிடுவார்கள். உத்தர காண்டத்தைத் தொட யோசிப்பார்கள். ஹால்பர்ஸ்டாம் எழுதியது உத்தர காண்டத்தை. இதுதான் இந்த நூலின் முதல் விசேஷம். மற்ற விசேஷங்கள் எல்லாம் இதிலிருந்தே கிளைத்தவை என்பது என் அபிப்பிராயம்.

பட்டாபிஷேகத்துக்குப் பிறகு என்ன நடந்தது? அடுத்த ஸீஸனில் முதல் 60 ஆட்டங்களில் 50-ஐ ஜெயித்தார்கள். அப்போது வால்டனின் பாதத்தில் கோளாறு. பிளே-ஆஃப் வந்ததும், வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டு ஸியாட்டிலுக்கு எதிராக ஆடினார். பிறகு எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால் எலும்பு முறிந்திருந்தது. அந்த வருஷத்து மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது அவருக்குத்தான் கிடைத்தது. ஆனால் அவருக்கும் கோஷ்டியை நடத்தியவர்களுக்கும் இடையில் இருந்த நம்பிக்கை போய்விட்டது. இனி இங்கே ஆடமாட்டேன் என்றார். அடுத்த ஸீஸன் முழுவதும் ஆடவே இல்லை. 1979-ல் ஸான் டியகோ கோஷ்டியில் சேர்ந்தார்.

ஆக, இந்தப் புத்தகத்தின் ஸீஸன் தொடங்கும்போது கதாநாயகன் ஊரை விட்டே போய்விட்டான். போனவனின் நிழல் ஒவ்வொரு பக்கத்திலும் விழுகிறது. ஆடுகிறவனின் கால் யாருக்குச் சொந்தம்? அவனுக்கா, சம்பளம் கொடுக்கிற முதலாளிக்கா, டிக்கெட் வாங்குகிற ஜனங்களுக்கா? புத்தகத்தின் தலைப்புக்கு ஆட்டத்தில் நேரும் நல்ல காலம், கெட்ட காலம் என்பது பொருள். எலும்பு முறிவும் அந்த ஆங்கில வார்த்தைக்குள் அடங்கியிருக்கிறது.

வெற்றியே இந்தக் கோஷ்டியைக் கலைத்தது என்பதை ஹால்பர்ஸ்டாம் காட்டுகிற விதம் அபாரம். ஜெயிக்கிற வரையில் ஐந்து பேரும் பந்தை ஒருவருக்கொருவர் கொடுத்து ஆடினார்கள். ஜெயித்த மறு நாள் ஒவ்வொருவருக்கும் மார்க்கெட்டில் ஒரு விலை ஏற்பட்டுவிட்டது. பழைய ஒப்பந்தத்தில் பழைய சம்பளம். பக்கத்து ஊரில் தன்னைவிடக் குறைந்தவனுக்கு அதிகச் சம்பளம். மாரிஸ் லூகஸ் என்ற பலசாலி 1977 வெற்றிக்கு ஒரு தூணாக இருந்தவர். தமக்கு நியாயம் கிடைக்கவில்லை என்ற எண்ணம் அவர் மனசில் புண்ணாகிறது. அவரையும், அவரோடு ஜெயித்த லயனல் ஹாலின்ஸையும், 1980 பிப்ரவரியில் வேறு வேறு கோஷ்டிகளுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இதில் வில்லன் என்று யாரும் இல்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பாகப் பிரிவினை நடந்த குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இந்தப் பக்கங்கள் நன்றாகப் புரியும்.

பயிற்சியாளர் ஜாக் ராம்ஸே கல்விச் சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கூடைப்பந்து எப்படி ஆடப்பட வேண்டும் என்று அவர் மனசில் ஒரு சித்திரம் உண்டு. 1977-ல் அது கண்ணெதிரே நடந்துவிட்டது. ஒரு தடவை அப்படிக் கேட்டுவிட்ட காதோடு, சுருதி சேராத கச்சேரியில் தினமும் உட்கார்ந்திருக்க வேண்டியவரின் வேதனையை, ஹால்பர்ஸ்டாம் அதிகம் பேசாமலே நமக்கு உணர்த்திவிடுகிறார்.

ஆனால் இந்தப் புத்தகத்தின் ஹிருதயம் கெர்மிட் வாஷிங்டன் என்ற நீக்ரோ ஆட்டக்காரரிடம் இருக்கிறது. வால்டன் போனதற்கு ஈடாக ஸான் டியகோவிலிருந்து வந்தவர்களில் ஒருவர் இவர். தலைநகரில் கஷ்டப்பட்டு வளர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் யாரும் இவரை ஒரு ஆட்டக்காரராகவே மதிக்கவில்லை. உழைப்பு ஒன்றினாலேயே மேலே வந்து, கல்லூரியில் ஆட்டத்துக்கு இருபது பாயிண்டும், திரும்பும் பந்தில் இருபதும் என்று சராசரி வைத்தார். தொழில் ஆட்டக்காரரான பிறகும், ஆட்டம் இன்னும் கைவரவில்லை என்று தோன்றி, பீட் நியூவெல் என்ற பெரியவரிடம் போய்த் தனியாகப் பாடம் கேட்டுக்கொண்டவர்.

இத்தனையும் ஒரு வினாடியில் அழிந்தது. 1977 டிசம்பர் 9-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் கோஷ்டியில் ஆடிக்கொண்டிருந்த வாஷிங்டனுக்கும் ஹூஸ்டன் கோஷ்டியின் கெவின் கன்னர்ட்டுக்கும் கைகலப்பு. பின்னாலிருந்து யாரோ ஓடி வருவதைக் கண்டு வாஷிங்டன் திரும்பி ஒரு குத்து விட்டார். ஓடி வந்தவர் ரூடி டோம்ஜனோவிச். அவர் முகத்தின் எலும்புகள் நொறுங்கின. உயிருக்கே ஆபத்து என்ற நிலைமை. வாஷிங்டனுக்கு 10,000 டாலர் அபராதம், 60 நாள் தடை. கறுப்பு மனிதன் வெள்ளை மனிதனை அடித்துச் சாய்த்த அந்தக் காட்சியை டெலிவிஷனில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தத் தேசத்துக்கு அவர் உழைப்பாளி அல்ல, படித்தவர் அல்ல. அந்தக் குத்துதான் அவர்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். வாஷிங்டனோடு சேர்ந்து போர்ட்லண்டுக்கு வந்த இன்னொருவர், அன்று அவரோடு கைகலந்த அதே கெவின் கன்னர்ட். இப்படி ஒன்றை நாவலில் வைத்தால் நம்பும்படி இல்லை என்று வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள்.

ஒரு மனிதனை ஒரு வினாடியை வைத்து எடை போடலாமா என்பதே இந்தப் புத்தகத்தின் கேள்வி. ஹால்பர்ஸ்டாம் வாதாடவில்லை. குழந்தைப் பருவத்திலிருந்து தொடங்கி, அந்த மனிதரின் நாட்களை ஒவ்வொன்றாகத் தராசின் மறு தட்டில் வைத்துக்கொண்டே போகிறார். போர்ட்லண்டில் ஜனங்கள் வாஷிங்டனை நேசித்தார்கள். 1980-ல் தேசத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் விசேஷ ஆட்டத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கௌரவம் அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் கிடைத்தது.

இங்கேதான் எனக்கு ஒரு குறையும் படுகிறது. அடித்தவருக்குக் கிடைத்த இடமும் பரிவும் அடிபட்டவருக்குக் கிடைக்கவில்லை. வாஷிங்டன் நம் கோஷ்டி. டோம்ஜனோவிச் வேறு கோஷ்டி. யார் வீட்டுக்குள் ஆசிரியர் அழைத்துக்கொண்டு போகிறாரோ அவர் பக்கம் வாசகன் சாய்ந்துவிடுகிறான். கதை எழுதுகிறவர்களுக்கு இந்தத் தந்திரம் தெரியும். தெரிந்தவர்கள் கொஞ்சம் பயத்தோடுதான் அதைக் கையாள வேண்டும். 2002-ல் ஜான் ஃபைன்ஸ்டீன் 'தி பஞ்ச்' என்ற புத்தகத்தில் இருவர் வாழ்க்கையையும் எதிரெதிரே வைத்து எழுதினார். எழுத்தில் ஹால்பர்ஸ்டாமின் ஆழம் அதில் இல்லை. ஆனால் நியாயம் என்று பார்த்தால், அந்த நூல் செய்த காரியம் செய்யப்பட வேண்டியதாகவே இருந்தது.

இன்னொரு குறை, கிளைக்கதைகள். புது ஆள் ஒருவர் அறைக்குள் வந்தால் போதும், அவருடைய பிறந்த ஊரிலிருந்து ஆரம்பித்துவிடுகிறார் ஆசிரியர். அதற்குள் நடந்துகொண்டிருந்த ஆட்டம் மறந்துபோகிறது. இந்தப் பந்தயத்தை ஒளிபரப்பும் உரிமை 1973-ல் ஏ.பி.ஸி. டெலிவிஷனிடமிருந்து சி.பி.எஸ்.ஸுக்குக் கைமாறியதையும் அதனால் வந்த பகையையும் பற்றிய பகுதி எனக்கு நீளமாகவே பட்டது. ஆனாலும் முழுதும் தள்ளிவிட முடியாது. 1980 இறுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தையே பல ஊர்களில் நடு ராத்திரியை ஒட்டிப் பதிவாகக் காட்டிய காலம் அது. பணம் பெருகியது, பார்க்கிறவர்கள் பெருகவில்லை. அந்த முடிச்சை அவிழ்க்க ஆசிரியருக்கு டெலிவிஷன் கதை தேவைப்பட்டிருக்கிறது.

கிளைக்கதைகளில் ஒன்றை மட்டும் எவ்வளவு நீளமானாலும் படிக்கலாம். பில்லி ரே பேட்ஸ் மிஸிஸிப்பி மாகாணத்தில் குத்தகைக் கூலிக் குடும்பத்தில் பிறந்து, பருத்திக் காட்டில் வளர்ந்தவர். சின்னக் கோஷ்டி ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தவரை 1980 பிப்ரவரியில் பத்து நாள் ஒப்பந்தத்தில் கூப்பிட்டார்கள். ராம்ஸேயின் சூத்திரங்கள் எதுவும் பேட்ஸுக்குப் பிடிபடவில்லை. பந்து கையில் வந்தால் மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. ஸியாட்டிலுக்கு எதிரான அந்த மூன்று ஆட்டங்களில் அவருடைய சராசரி 25 பாயிண்டுகள். ராம்ஸேயின் சித்திரத்தில் இடமில்லாதவர்தான் கடைசியில் கோஷ்டியைத் தோளில் சுமக்கிறார். அவர் நிலைக்கமாட்டார் என்று நமக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. 1982-க்கு மேல் அவர் போர்ட்லண்டில் இல்லை. பிலிப்பைன்ஸ் தேசத்துக்குப் போய் அங்கே பெரிய நட்சத்திரமானார்.

இந்தக் கோஷ்டி அந்த வருஷம் சாம்பியன் ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். லூகஸின் மனப்புண் வெற்றிக்கு முன்னால் வந்த சின்னத் தடங்கலாகியிருக்கும். வாஷிங்டனின் அவமானம், கடைசி அத்தியாயத்தில் துடைக்கப்படுவதற்காகவே வந்த கண்ணீர் போலாகியிருக்கும். பேட்ஸ் அதிர்ஷ்டசாலி என்ற ஒரு வார்த்தையில் அடங்கியிருப்பார். வெற்றி எல்லாவற்றுக்கும் தானே அர்த்தம் சொல்லிவிடுகிறது. தோல்வியில் அந்த வசதி இல்லை; மனிதர்களை அவர்களைக் கொண்டேதான் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில்தான் எழுத்தாளனுக்கு வேலை ஆரம்பிக்கிறது.

ஜனங்களுக்குச் சுபமான முடிவுதான் வேண்டும் என்று நம் பத்திரிகை உலகத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. போர்ட்லண்ட் ஜனங்கள் என்ன செய்தார்கள்? அவர்களுடைய மண்டபத்தில் 12,666 ஆசனங்கள். 1977-லிருந்து 1995 வரை தொடர்ந்து 814 ஆட்டங்களுக்கு ஓர் ஆசனம்கூட மிச்சமில்லாமல் டிக்கெட் விற்றது. மண்டபம் சின்னது, ஊரில் வேறு பெரிய கோஷ்டி கிடையாது என்ற காரணங்களைக் கழித்துவிட்டாலும், 44 ஆட்டங்களில் தோற்ற வருஷமும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. தோற்கிறவர்களைப் பார்க்கவும் மழையில் நனைந்துகொண்டு வந்திருக்கிறார்கள். வாசகர்களும் அப்படித்தான் என்று நான் நம்புகிறேன். கதையில் வருகிற ஆள் தங்களுக்குத் தெரிந்தவன் என்று பட்டுவிட்டால், அவன் ஜெயித்தானா என்று அவர்கள் முதலில் கேட்பதில்லை.

ஹால்பர்ஸ்டாம் 2007-ல், தம் எழுபத்து மூன்றாவது வயதில், கலிபோர்னியாவில் ஒரு மோட்டார் விபத்தில் காலமானார். பழைய கால்பந்தாட்டக்காரர் ஒருவரைப் பேட்டி காணப் போகும் வழியில் அது நடந்தது. கூடைப்பந்தின் விதிகள் ஒன்றுமே தெரியாதவர்கள்கூட இந்தப் புத்தகத்தை எடுக்கலாம். ஆட்ட வர்ணனை வரும் பக்கங்களை வேகமாகத் தள்ளிக்கொண்டு போனாலும் பாதகமில்லை. கெர்மிட் வாஷிங்டன் வரும் பக்கங்களை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.