பாவம் பார்க்காதீர்கள்!

சினிமா சுமாராக இருந்தால், இடைவேளையில் டீ ஆறுவதற்குள் டைரக்டரைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுகிறோம். ஹோட்டல் சாம்பாரில் உப்பு ஒரு சிட்டிகை தூக்கலாக இருந்தால் சர்வரைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து. மார்கழிக் கச்சேரியில் பாடகர் ஒரு ஸ்வரத்தை லேசாகத் தவறவிட்டாரோ, போச்சு... கேன்டீன் வரிசையில் நிற்கும்போதே தீர்ப்பு எழுதியாகிவிடும்.

ஆனால், கைவினைக் கண்காட்சிக்குள் காலெடுத்து வைத்ததும் நமக்கு என்னவோ ஆகிவிடுகிறது. குரல் தணிந்துவிடுகிறது. கண்ணில் ஒரு கருணை. ''பாவம், எல்லாம் கையாலயே செஞ்சதாம்'' என்று பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுக்கிறோம். அதற்கப்புறம், அதே மூச்சில் முந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறோம். அது வேறு கதை.

எனக்குச் சண்டை பேரத்தோடு இல்லை. அந்தப் 'பாவ'த்தோடுதான்.

உதாரணத்துக்கு ஒரு பையை எடுத்துக்கொள்வோம். சாந்திநிகேதன் தோல் பை. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். காபிக்கொட்டை நிறத்திலோ, கரும் சிவப்பிலோ இருக்கும். மூடியில் ஒரு தாமரை அல்லது மயில். சுற்றிலும் கோலம் போல வளைகோடுகள். சில பைகளில் உடைந்த கண்ணாடி மாதிரி கறுப்பு விரிசல்கள் ஓடும். ஓரத்தைத் தையலுக்குப் பதில் தோல் வாராலேயே பின்னியிருப்பார்கள். கல்லூரிப் பேராசிரியைகள், பத்திரிகைக்காரர்கள், ஆவணப்பட ஆசாமிகள் தோளில் தவறாமல் தொங்கும் பை.

இதற்கு யாராவது விமர்சனம் எழுதிப் படித்திருக்கிறீர்களா? நான் படித்ததில்லை. அதனால் நாமே எழுதிவிடுவோம்.

*

முதலில் கொஞ்சம் பூர்வீகம். 1922-ல் சாந்திநிகேதனுக்குப் பக்கத்தில் ஸ்ரீநிகேதன் என்று கிராம மேம்பாட்டுக்காக ஒரு மையம் ஆரம்பித்தார் தாகூர். அவருடைய மகன் ரதீந்திரநாத், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தவர். ஆனால், கைகளுக்கு மர வேலையிலும் தோல் வேலையிலும்தான் காதல். அவரும் மனைவி பிரதிமா தேவியும் 1920-களில் ஐரோப்பியத் தோல் வேலையை இங்கே கொண்டுவந்து, உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நுட்பம் வெளிநாட்டு இறக்குமதி. டிஸைன் மட்டும் நம்மூர். வங்காளத்து வீடுகளில் அரிசிமாவால் போடும் அல்பனா கோலத்திலிருந்தும், நந்தலால் போஸ் (நம் அரசியல் சட்டத்தின் மூலப் பிரதிக்குச் சித்திரம் போட்டாரே, அவரேதான்) தலைமையில் இருந்த கலாபவனின் பாணியிலிருந்தும் கோடுகள் வந்தன.

ஆக, நாம் 'பழங்காலப் பாரம்பரியம்' என்று கும்பிடுகிற இந்தப் பைக்கு வயது சுமார் நூறுதான். பிறந்த காலத்தில் இது மாடர்ன் ஆர்ட்! இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

இன்னொரு சேதி. இந்தப் பைக்கு ஆகிவந்த தோலின் பெயர் 'ஈ.ஐ.' தோல். ஈஸ்ட் இண்டியா என்பதன் சுருக்கம். ஆட்டுத் தோலையும் செம்மறித் தோலையும் தாவரப் பட்டைகளின் சாற்றில் ஊறவைத்துப் பதப்படுத்தும் முறை. 19-ம் நூற்றாண்டிலேயே மதராஸிலிருந்து கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போன சரக்கு. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கத்துத் தோல் ஷாப்புகளின் கைவண்ணம். ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் வாரக்கணக்கில் பதமாகி, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு குளியல். கடுக்காய் எதற்கு? ஆவாரம்பட்டையில் பதமான தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும். அதைத் தடுக்கத்தான். ஈ.ஐ. தோலுக்கும் புவிசார் குறியீடு உண்டு, சாந்திநிகேதன் தோல் பொருள்களுக்கும் உண்டு. ஆனால், பையில் வங்காளத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும். சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்ற திண்டுக்கல் கால்களை யாரும் நினைப்பதில்லை. அந்தக் கால்களின் கதை தெரியவேண்டுமென்றால், டி.செல்வராஜின் 'தோல்' நாவலைப் படியுங்கள். 2012-ல் சாகித்ய அகாடமி பரிசு வாங்கியது.

*

சரி, பையைக் கையில் எடுங்கள். எங்கே பார்க்க வேண்டும்?

முதலில் தோல். இன்று உலகத்தில் பெரும்பாலான தோல் குரோமியம் உப்பில் பதப்படுத்தப்படுகிறது. சீக்கிரம் வேலை முடியும், மெத்தென்று இருக்கும். ஆனால், அழுத்தினால் ஸ்பாஞ்ச் மாதிரி பழையபடி எழுந்துவிடும். சித்திர வேலைக்கு உதவாது. தாவரப் பட்டையில் பதப்பட்ட தோல் வேறு ஜாதி. ஈரமாக இருக்கும்போது களிமண் போல நடந்துகொள்ளும். எங்கே அழுத்தினீர்களோ அங்கே பள்ளம் அப்படியே நிற்கும். காய்ந்தபின் ஜென்மத்துக்கும் மறக்காது.

இதில்தான் கைத்திறமையின் முதல் பரீட்சை. தோலை நனைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ரொம்ப ஈரமாக இருந்தால் கோடு கொழகொழவென்று விரியும். காய்ந்துவிட்டால் கோடே இறங்காது. நனைந்து கறுத்த தோல், மெள்ள மெள்ள தன் பழைய நிறத்துக்குத் திரும்ப ஆரம்பிக்கும் ஒரு நேரம் உண்டு. அப்போது தொட வேண்டும். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்க்கிற அம்மாவிடம் தர்மாமீட்டர் கேட்பீர்களா? அந்த மாதிரி சமாசாரம்.

பதம் வந்ததும், மழுங்கிய உலோக முனையால் கோட்டை அழுத்தி இழுக்கிறார்கள். பிறகு, கோட்டுக்கு வெளியே இருக்கும் பின்னணியை அமுக்குகிறார்கள். சுற்றுப்புறம் தாழ, தாமரை தானாக மேலே எழும்புகிறது.

இதையே வேறொரு வழியிலும் செய்யலாம். தாமரையை உலோக அச்சாக ஒரு முறை செய்து வைத்துக்கொண்டு, ஈரத் தோல்மேல் வைத்துப் பிரஸ்ஸில் கொடுத்து ஓர் அமுக்கு. தாமரை ரெடி. இன்று சந்தைக்கு வருகிற பைகளில் இந்த ரகமும் ஏராளம். இது மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். சாயம் கையால்தான் பூசுகிறார்கள், வாரும் கையால்தான் பின்னுகிறார்கள். ஆனால், கோடு யாருடையது என்று கேட்டால், அச்சு வெட்டியவருடையது.

எப்படிக் கண்டுபிடிப்பது? ''கோணல்மாணலாக இருந்தால் கைவேலை'' என்று ஒரு பொதுஜன நம்பிக்கை உண்டு. தப்பு. கோணல் கைவேலையின் அடையாளம் இல்லை, சுமாரான கைவேலையின் அடையாளம். நல்ல கை கோணாது. பார்க்கவேண்டியது ஆழத்தை. அச்சில் விழுந்த கோடு, ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே ஆழத்தில் ஓடும். கையால் இழுத்த கோடு இதழின் அடியில் அழுந்தி, நுனிக்குப் போகப் போக லேசாகி, காற்றில் கரையும். வீணையில் ஒரு மீட்டு அடங்குவது போல. இன்னொன்று... ஒரே பையில் இருக்கும் இரண்டு தாமரைகளை ஒப்பிடுங்கள். அச்சுத் தாமரைகள் இரட்டைப் பிள்ளைகள். கைத் தாமரைகள் அக்கா தங்கைகள்.

*

அடுத்தது சாயம். என்னைக் கேட்டால், சாந்திநிகேதன் பையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆட்டுத் தோல் மெலிசு. அதில் ஆழமாகச் செதுக்கிச் சிற்பம் காட்ட முடியாது. அதனால், வண்ணம்தான் பேச வேண்டும்.

தோல் சாயம், சுவருக்கு அடிக்கும் பெயின்ட் போல மேலே உட்காருவதில்லை. உள்ளே இறங்கிவிடும். கண்ணாடி போல அடியில் இருப்பதைக் காட்டும். ஒரு முறை இறங்கினால் வாபஸ் கிடையாது. மஞ்சள்மேல் சிவப்பைப் பூசலாம். சிவப்பை மஞ்சளாக்க பிரம்மாவாலும் முடியாது. அதனால் வெளிர் நிறத்தில் ஆரம்பித்து, அடர் நிறத்துக்குப் படிப்படியாகப் போக வேண்டும். பிரஷ்ஷில் ஒரு சொட்டு கூடினால் கோட்டைத் தாண்டி பக்கத்து இதழுக்குள் கசிந்துவிடும். இத்தனை நெருக்கடியிலும் ஓர் இதழுக்குள்ளேயே ஆரஞ்சு மெதுவாகச் சிவப்பாக மாறுகிறதென்றால், அந்தக் கைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

நல்ல சாயத்துக்குள் உற்றுப் பார்த்தால், ஆட்டின் மயிர்க்கால் புள்ளிகள் தெரியும். தெரியாவிட்டால், மேலே கெட்டியாக ஏதோ பூசி மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கைக்குட்டையை லேசாக நனைத்து, பையின் ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். சாயம் கைக்குட்டைக்கு வந்தால், நாளை உங்கள் வெள்ளைச் சட்டைக்கும் வரும்.

அந்த விரிசல் வேலை இருக்கிறதே, அது நிஜமாகவே அபாரம். சாயம் ஒட்டாத ஒரு பூச்சைத் தடவி, காய்ந்ததும் தோலைக் கசக்குகிறார்கள். பூச்சு நொறுங்குகிறது. அந்த விரிசலுக்குள் சாயம் இறங்குகிறது. எந்தப் பக்கம் கசக்குவது, எவ்வளவு கசக்குவது என்பது மட்டும் மனிதன் கையில். விரிசல் எப்படி ஓடும் என்பது தோலின் இஷ்டம். மனிதனும் தோலும் சேர்ந்து போட்ட படம். இதற்கு நூற்றுக்கு நூறு.

இனி மார்க்கைக் குறைக்கும் படலம்.

ஒன்று: அதே தாமரை, அதே மயில், அதே கரும் சிவப்பு. 1920-களில் புதுமையாகப் பிறந்த ஒரு கலை, தன் இளமையிலேயே தன்னைக் காப்பியடிக்க ஆரம்பித்துவிட்டது. தாகூர் வீட்டார் தைரியமாக ஐரோப்பிய நுட்பத்தை எடுத்து அல்பனாவோடு கலந்தார்கள். அந்தத் தைரியத்தின் வாரிசு எங்கே?

இரண்டு: சித்திரத்துக்கும் பைக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. மயிலை அழகாக வரைந்துவிட்டு, சரியாக அதன் கழுத்தில் பொத்தானை அறைகிறார்கள். மூடி மடிகிற இடத்தில் தாமரை பாதியாக முறிகிறது. தோலை ஓவியமாக நினைத்தவர் ஒருவர், பையாகத் தைத்தவர் வேறொருவர். இருவரும் ஒரு டீ குடித்துப் பேசியிருந்தால்கூடத் தீர்ந்திருக்கும்.

மூன்று: ஜிப். வெளியே இத்தனை உழைப்பு, உள்ளே இருப்பதிலேயே மட்டமான ஜிப்பும், இரண்டு மழைக்குத் தாங்காத உள்துணியும். ஒரே வருஷத்தில் ஜிப் பல்லிளிக்கும். நாலு வாரம் பதமான தோல், நாலு ரூபாய் மிச்சத்தால் பரணுக்குப் போகும்.

*

''ஏன் சார், பாவம் ஏழைத் தொழிலாளி, அவர் வயித்துல அடிக்கறீங்களே?'' என்கிறீர்களா? இங்கேதான் நாம் நிதானமாக யோசிக்க வேண்டும்.

ஒரே கடையில் இரண்டு பைகள் தொங்குகின்றன. ஒன்றின் கோட்டை ஒருவர் உட்கார்ந்து, பதம் பார்த்து, கையால் இழுத்திருக்கிறார். இன்னொன்று பிரஸ்ஸில் நிமிஷத்தில் விழுந்தது. இரண்டிலும் 'கைவேலை' என்று ஒரே சீட்டு. நமக்கும் இரண்டின்மேலும் ஒரே பாவம். வித்தியாசம் தெரியாததால், விலை குறைந்ததை வாங்குகிறோம். அடுத்த மாசம், கோடு இழுத்தவரும் போய் பிரஸ் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். வேறென்ன செய்வார்? அவர் வயிற்றில் அடித்தது விமர்சனமா, நம் பாவமா?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஷெரிடன் என்று ஒரு சின்ன ஊர். மாட்டுத் தோலில் குதிரைச் சேணம் செதுக்குகிறவர்கள் நிறைந்த இடம். அங்கே டான் கிங் என்பவர் (1923-2007) காட்டு ரோஜாக்களையும் சுருள் தண்டுகளையும் வட்டம் வட்டமாக இழையவிட்டு ஒரு பாணியை உருவாக்கினார். இன்று தோல் செதுக்குகிறவர்கள் அதை ஊர்ப் பெயராலேயே 'ஷெரிடன் பாணி' என்கிறார்கள். அங்கே சேணம் வாங்குகிறவர் ''இதைச் செதுக்கியது யார்?'' என்று கேட்பார். தண்டு எங்கே கிளைக்கிறது, ரோஜாவின் மடிப்பில் கத்தி எப்படித் திரும்பியிருக்கிறது என்று குறை கண்டுபிடிப்பார். குறை சொல்லத் தெரிந்தவர் இருக்கும் ஊரில்தான், நிறை செய்தவருக்குப் பெயர் கிடைக்கிறது.

நம் பையைத் திருப்பிப் பாருங்கள். கடை பெயர் இருக்கும். விலை இருக்கும். செய்தவர் பெயர்?

சாந்திநிகேதன், 2023-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. சந்தோஷம். போல்பூர் ஸ்டேஷனில் இறங்குகிற கூட்டமும், பை வாங்குகிற கூட்டமும் இனி கூடும். நம்மூரிலும் கண்காட்சிகளுக்குக் குறைவில்லை. அடுத்த முறை போகும்போது, தயவுசெய்து பாவம் பார்க்காதீர்கள். பையைப் பாருங்கள். நகத்தால் கோட்டைத் தடவுங்கள். இரண்டு தாமரைகளை ஒப்பிடுங்கள். ஜிப்பை நாலு தடவை இழுத்துவிட்டு, ''மயில் கழுத்துல பொத்தான் வெச்சிருக்கீங்களே, நியாயமா?'' என்று கேளுங்கள். கோடு நிஜமாகவே நன்றாக இருந்தால், ''இதை இழுத்தது யாருங்க?'' என்று பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தப் பைக்கு மட்டும் பேரம் பேசாதீர்கள்.