பாட்டை எண்ணியவர்களும் பற்றரியை எண்ணியவர்களும்

காலாப்பட்டில் நான் முதுகலை படித்த 2005, 2006 ஆண்டுகளில் என் சட்டைப் பையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் துண்டு எப்போதும் கிடக்கும், என் எம்பி3 பிளேயர். கட்டை விரலைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு முனையில் மூடி. கழற்றினால் பென் டிரைவ் மாதிரி கணினியில் செருகலாம். மறு முனையில் ஒரே ஒரு ரிமோட் செல். நடுவே நீல வெளிச்சத்தில் பாட்டின் பெயர் ஊர்ந்து போகும் சின்னத் திரை. தயாரித்த கம்பெனிக்குப் பெயர் கிடையாது. புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், பெல்ட்டும் பர்சும் பரப்பியிருந்த ஒருவரிடம் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு ஜிபி என்று சத்தியம் செய்தார்.

ஒரு ஜிபி இல்லை, 128 எம்பிதான் என்று தெரிய ஒரு வாரம் ஆனது. கணினியில் செருகினால் ஒரு ஜிபி என்றுதான் காட்டும். இருநூறு பாட்டு ஏற்றினால் இருநூறும் ஏறும். இருபத்தாறாவது பாட்டுவரை ஒழுங்காக ஓடும். அதற்கப்புறம் பெயர் மட்டும் திரையில் ஊரும், காதில் கரகரப்புதான். உள்ளே இருந்த சின்ன சிப்பைப் பெரிதாகக் காட்ட மென்பொருளில் கைவைத்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு போனபோது அந்த இடத்தில் வேறொருவர் பிளாஸ்டிக் வாளி விற்றுக்கொண்டிருந்தார்.

கணக்கு எளிது. அன்று எல்லாரும் பாட்டைச் சுருக்கிய அளவுக்கு 128 கேபிபிஎஸ் என்று பெயர். அதில் ஒரு நிமிடப் பாட்டு ஏறக்குறைய ஒரு எம்பி. ஐந்து நிமிடப் பாட்டென்றால் இருபத்தைந்து, இருபத்தாறோடு சரி. பாதியாகச் சுருக்கினால் ஐம்பது ஏறும். ஆனால் அது தண்ணீர் ஊற்றிய பால். தாளத்தட்டின் ஓசை குழாயடியில் பாத்திரம் கழுவுவது போலக் கேட்கும். 1998இல் கொரியாவின் சேஹான் கம்பெனி எம்பிமேன் என்ற கையடக்கக் கருவியைக் கொண்டுவந்தபோது அதில் இருந்ததே 32 எம்பிதான். 2001 அக்டோபரில் ஐபாட் 5 ஜிபியோடு வந்தது, விலை 399 டாலர். எங்கள் விடுதியில் அதைப் படத்தில் பார்த்திருந்தோம்.

எங்கள் விடுதிக்கு வெள்ளையடிக்க வந்தவர்களில் ஒருவரிடம் என்னுடையதைப் போலவே ஒன்று இருந்தது. அவர் கீழ்புத்துப்பட்டு முகாமிலிருந்து சைக்கிளில் வருவார். இந்த ஊர்களின் எல்லை விசித்திரம். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பினால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு, காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரி, இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் மறுபடி தமிழ்நாடு. அங்கே ஐயனார் கோயிலால் பெயர் பெற்ற கீழ்புத்துப்பட்டு, அதையொட்டி ஈழத்து அகதிகள் முகாம். இப்போது அதை மறுவாழ்வு முகாம் என்று சொல்ல வேண்டும். 2021இல் தமிழ்நாடு அரசு பெயரை மாற்றியது. அவருடைய குடும்பம் யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து 1996இல் படகேறி வந்தது. பெயின்ட் வாளியை இறக்கி வைத்துவிட்டு சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பாட்டுக் கேட்பார். நான் நாள் முழுக்கக் காதிலிருந்து எடுக்காதவன். ஏன் வேலை செய்யும்போது கேட்பதில்லை என்றேன்.

"நீங்கள் பாட்டை எண்ணுறியள். நாங்கள் பற்றரியை எண்ணிப் பழகினாக்கள்" என்றார்.

உண்மைதான். எந்தப் பாட்டை அழித்து எதை ஏற்றுவது என்பதுதான் எனக்கிருந்த ஒரே துன்பம். செல் தீர்ந்தால் காலாப்பட்டு பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் வாங்கிக்கொள்வேன். அவருடைய கஞ்சத்தனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1990இல் போரால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் போயிற்று. ஐந்தாறு ஆண்டு வரவில்லை. வடக்குக்குக் கொண்டுபோகத் தடை செய்யப்பட்ட பொருட்களில் பேட்டரியும் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலியில் செய்தி கேட்டார்கள். அந்தத் தலைமுறை யாழ்ப்பாணத்துக்காரர் யாரிடம் கேட்டாலும் இதைச் சொல்வார். பெடல் சுற்றுவது அவர்கள் வீட்டில் இவருடைய வேலை. செய்திக்குத்தான் அனுமதி. செய்தி முடிந்து பாட்டு வரும்போது, தொடர்ந்து கேட்க வேண்டுமென்றால் சுற்றுகிறவன் தன் கைவலியில் கேட்க வேண்டும். ஒரு பாட்டுக்கு என்ன செலவாகும் என்பதை அவர் தோளால் அறிந்தவர்.

இறந்துபோன செல்லுக்கும் அவர்களிடம் வைத்தியம் இருந்தது. வெயிலில் காயப்போட்டால் இன்னும் சற்று நேரம் ஓடும். முகாம் வீட்டின் கூரை விளிம்பில் ஐந்தாறு ரிமோட் செல் வடகம் போல வரிசையாகக் காய்ந்ததை நானே பார்த்தேன். இந்த பிளேயர்கள் செல்லின் உயிர் பாதி இருக்கும்போதே கைவிட்டுவிடும். அதே செல்லைத் தொலைக்காட்சி ரிமோட்டில் போட்டால் மாதக் கணக்கில் ஓடும். இந்த உண்மையை எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அந்த வீடுதான். கடற்கரை ஊரின் உப்புக் காற்றில் ஸ்பிரிங் பச்சை பிடித்தால் அழிரப்பரால் தேய்க்க வேண்டும் என்பதும்.

பாட்டு ஏற்றுவதிலும் எங்களுக்குள் வேறுபாடு இருந்தது. இந்தச் சீனக் கருவிகள் பாட்டை அகர வரிசையில் பாடாது. எந்த வரிசையில் ஏற்றினோமோ அந்த வரிசையில் பாடும். நான் மொத்தமாகப் பிடித்து இழுத்துப் போடுகிறவன். ஒரு சிடியில் நூற்றைம்பது எம்பி3 பாட்டு அடைத்து விற்கும் காலத்தில் வளர்ந்தவனுக்கு வரிசை என்று ஒன்று உண்டா? அவர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றுவார். முதலில் பிள்ளையார் பாட்டு, கடைசியில் தவில். கையில் துண்டுச் சீட்டு இருக்கும். ஊரில் ரெக்கோடிங் பாருக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்து, கசெற்றில் பதிந்து வாங்கிய வீட்டுப் பழக்கம் அது. நமக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. மியூசிக் சென்டர் வாசலில் நோட்டுத்தாளோடு நின்றவர்கள்தான் நாமும். சிடி மலிந்ததும் சீக்கிரம் மறந்துவிட்டோம்.

அவருடைய இருபத்தாறில் பாதிக்கு மேல் இளையராஜாதான். எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. ஈழம் என்றால் வேறு ஏதோ இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மிச்சத்தில்தான் இருந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பொப்பிசை. அப்புறம் யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் நீண்ட தனி. ஏதோ கோயில் திருவிழாவில் கசெற்றில் பிடித்து, பிரதி எடுத்துப் பிரதி எடுத்துத் தேய்ந்து, யாரோ கணினிக்கு மாற்றியது. வலது காதில் இரைச்சல், இடது காதில் தவில்.

ஒரு ஞாயிறு மாலை அந்த வீட்டுக்குப் போனேன். அவருடைய அம்மம்மாவை எங்கள் ஊர் வழக்கப்படி "ஆயா" என்று கூப்பிட்டுவிட்டேன். "ஆயாவோ? பிள்ளை பாக்க வந்தவளெண்டு நினைச்சியோ தம்பி" என்று சிரித்தார். அங்கே பிள்ளை பார்க்கிற வேலைக்காரியைத்தான் அப்படிச் சொல்வார்களாம். பிறகு உள்ளேயிருந்து ஒரு பித்தளை மூக்குப்பேணியை, மூக்கு வைத்த குவளையை, எடுத்து வந்தார். பேரன் இரண்டு இயர்போனையும் அதற்குள் இறக்கி, ஒலியைக் கடைசிவரை கூட்டி, பாயின் நடுவில் வைத்தார். பேணி பாட ஆரம்பித்தது. பித்தளையின் கணகணப்போடு, கொசு ரீங்காரத்தைவிடச் சற்று உரக்க. வீட்டில் ஐந்து பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். என் அறையில் நாங்கள் மூன்று பேர், மூன்று காதடைப்பு, மூன்று பாட்டு. நானும் அன்றிரவு விடுதி எவர்சில்வர் டம்ளரில் இயர்போனைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் கேட்டது. கேட்க யாரும் திரும்பவில்லை.

அவருடைய கருவி வாங்கியதல்ல, வந்தது. டொரன்டோ மாமா கொழும்புக்கு வந்தபோது இரண்டு கொண்டுவந்து ஒன்றை வடமராட்சிக்கும் ஒன்றை இங்கேயும் சேர்ப்பித்தார். யாழ்ப்பாணத்து வீடுகளில் இப்படிப் பெட்டியில் வந்து இறங்கிய சாமான் அதிகம். இந்தியாவில் நாங்கள் பஜாரில் பேரம் பேசி ஏமாந்து வாங்குகிறோம் என்று சொல்லலாம்தான். ஆனால் புதுச்சேரியில் அது பாதி உண்மை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து திரும்பிய சொல்தா குடும்பங்களில் பாரிஸிலிருந்து இதே போலப் பெட்டி வரும். அங்கே லா ஷப்பேலில் ஈழத்தவர் கடையில் வாங்கிய பொருள் அதில் இருந்தாலும் வியப்பில்லை.

2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ9 பாதை மூடப்பட்டது. வடமராட்சியில் இருந்த அவருடைய மச்சானின் பிளேயர் அதற்குப் பிறகு பெரும்பாலும் சும்மாதான் கிடந்ததாம். செல்லின் விலையைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு இவர் வாயைத் திறக்கவில்லை.

இந்தப் பாட்டுக் கதையில் ஒரு முரண் எனக்குப் பிடித்தது. 1952இல் மத்திய அமைச்சரான பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை ஓரங்கட்டினார். தமிழ்நாட்டுக் கரை முழுக்க இலங்கை வானொலியின் பக்கம் திரும்பியது. சென்னையில் பதிவான பாட்டை நம் பெற்றோர் கொழும்பு வழியாகக் கேட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து, காலாப்பட்டில் அதே பாட்டை வைத்திருந்தவர் கடல் கடந்து வந்தவர். நான் அவரிடமிருந்து பிரதி எடுத்தேன். கணினியில் அவை என் பழைய பாட்டுகள் எல்லாவற்றையும்விட ஒழுங்காகப் பெயரிடப்பட்டிருந்தன.

படிப்பு முடிந்து கிளம்பும் வாரம் அந்தத் தவிலையும் கேட்டு வாங்கினேன். என் கருவியில் இருபத்தைந்து பாட்டு ஏற்கெனவே இருந்தது. எதையும் அழிக்க மனமில்லாமல் கடைசியாக அதை ஏற்றினேன். மூன்று நிமிடம் ஓடியது. தெட்சணாமூர்த்தி ஒரு தீர்மானத்தை நோக்கிப் போகும் இடத்தில் 128 எம்பி முடிந்து கரகரப்பு தொடங்கியது. அழித்து மறுபடி ஏற்றியும் அப்படித்தான்.

இப்போது அந்தப் பதிவு முழுசாக என் கைபேசியில் இருக்கிறது. மூன்றாவது நிமிடம் நெருங்கும்போது கை தானாக ஒலியைக் குறைக்கப் போகிறது.