டூம்: கால்களால் ஆடும் ஆட்டம்

அமெரிக்காவின் டெக்சஸில் இருந்த ஐடி சாஃப்ட்வேர் என்ற சின்ன நிறுவனம் 1993 டிசம்பர் 10 அன்று ‘டூம்’ வீடியோ கேமை வெளியிட்டது. இன்று முதல்முறையாக ஆடுகிறவர்கள் பலரும் அந்தக் கட்டம் கட்டமான படத்தைப் பார்த்துவிட்டு ஐந்தே நிமிடத்தில் மூடிவிடுகிறார்கள். எனக்கு அது ஆற்றாமையாக இருக்கிறது. குறிபார்த்துச் சுடும் ஆட்டம் என்று நினைத்து உட்காருவதால் வரும் ஏமாற்றம் அது. அசல் டூமில் அண்ணாந்து பார்க்கவோ குனிந்து பார்க்கவோ முடியாது. எதிரி உயரமான மேடையில் நின்றாலும் அவன் இருக்கும் பக்கம் திரும்பிச் சுட்டால் போதும், குண்டு தானே மேலேறிப் போய்ப் பாயும். உங்களிடம் ஆட்டம் கேட்பது கால்களைத்தான்.

ஆகவே முதலில் ஓடப் பழகுங்கள், முக்கியமாகப் பக்கவாட்டில். இம்ப் என்ற பழுப்பு நிறப் பேய் வீசும் நெருப்புப் பந்து மெதுவாகத்தான் வரும். கை ஓங்குவதைக் கண்டதும் ஓர் எட்டு ஒதுங்கினால் அது உங்களைத் தாண்டிப் போய்விடும். நாலு இம்ப்கள் நாலு பக்கமிருந்து வீசினால்? எந்த இடைவெளியில் நுழைவது என்று பார்த்தபடியே, ஷாட்கன் அடுத்த முறை சுடத் தயாராகும் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். அந்த ஒரு நொடியில்தான் டூமின் உயிர் இருக்கிறது. நீங்கள் ஒதுங்கியதால் நெருப்பு பின்னால் நிற்கும் எதிரிச் சிப்பாய் மேல் பட்டதென்றால், அவன் உங்களை விட்டுவிட்டு இம்ப்பைச் சுடத் தொடங்குவான். வேண்டுமென்றே இப்படிச் சண்டை மூட்டிவிடுவது தனிச் சுகம்.

முதல் லெவலான ‘ஹேங்கர்’ ஜான் ரொமேரோ வடிவமைத்தது. தொடக்க அறையின் ஜன்னலருகே கொஞ்சம் நில்லுங்கள். வெளியே திறந்த முற்றம், அங்கே ஒரு நீலக் கவசம். போக வழி தெரியாது. வெகுநேரம் கழித்து ரகசியப் பாதை ஒன்று அங்கேயே கொண்டுபோய் விடும். ஆசை காட்டி அலையவைத்துப் பிறகு கொடுப்பதில் ரொமேரோவை மிஞ்ச ஆளில்லை. ஹெட்போனும் போட்டுக்கொள்ளுங்கள், ஒலியும் இந்த ஆட்டத்தின் பகுதிதான். துப்பாக்கிச் சத்தம் திறந்த கதவுகள் வழியே அறை அறையாகப் பரவி அங்குள்ள பேய்களை எழுப்பும். மூடிய கதவு அதைத் தடுக்கும். இது தெரிந்துவிட்டால் ஒவ்வொரு கதவையும் யோசித்துத்தான் திறப்பீர்கள்.

லெவல்கள், படங்கள், ஒலிகள் எல்லாவற்றையும் புரோகிராமிலிருந்து பிரித்து ‘வாட்’ என்ற தனிக் கோப்பில் வைத்தார் டூமின் புரோகிராமர் ஜான் கார்மாக். ரசிகர்கள் சொந்த லெவல்களைக் கட்ட அதுவே வாசலாயிற்று. 1997-இல் மூல நிரலையும் வெளியிட்டார்கள். அதனால்தான் இன்றைய கணினிகளிலும் டூம் ஓடுகிறது, புது லெவல்களும் வந்தபடி இருக்கின்றன. ரொமேரோவே 2019-இல் ‘சிஜில்’ என்ற புது எபிசோடைத் தந்தார்.

தொடங்குகிறவர்கள், அன்று இலவசமாக விநியோகிக்கப்பட்ட முதல் எபிசோடின் 9 லெவல்களை ஆடுங்கள். கடினத்தில் மூன்றாம் நிலையான ‘ஹர்ட் மீ பிளென்டி’ போதும். அதற்குக் கீழே பேய்கள் குறைந்து அறைகள் வெறிச்சோடிவிடும். ஒருமுறை முடித்த பிறகு, ஒவ்வொரு லெவலையும் கைத்துப்பாக்கியும் 50 குண்டுகளும் மட்டும் வைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்கிப் பாருங்கள். ஷாட்கன்னை லெவலில் அந்த இடத்தில் ஏன் வைத்தார்கள் என்பது அப்போது விளங்கும்.